நான்கு தட்டுகளும் ஒரு கடைசிப் பந்தியும்

சென்ற மாதம் லண்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னோடு ஒரே ஆசிரிய பீடத்தில் பணியாற்றிக் காலஞ்சென்ற மூத்த பத்திரிகையாளர் ஒருவரின் மகள் எழுதியிருந்தார். தகப்பனாரின் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாகக் கொண்டுவர விரும்புவதாகவும், சினிமா பற்றி அவர் எழுதியவை என்னிடம் இருந்தால் அனுப்பி உதவவேண்டும் என்றும் கேட்டிருந்தார். அவர் பத்திரிகைத்துறைக்கு வருமுன்னர் சில காலம் ஆங்கிலம் கற்பித்தவர். அதனால் நாங்கள் எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைத்தோம். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

என்னிடம் பதினொரு கட்டுரைகள் இருந்தன. பத்தை அன்றிரவே அனுப்பிவிட்டேன். பதினோராவது, 1996 பெப்ரவரியில் ஜீன் கெலி மறைந்தபோது மாஸ்டர் எழுதிய அஞ்சலி. அதை அனுப்புவதற்கு மூன்று வாரங்கள் சென்றன. அந்த மூன்று வாரமும் என் கண் அடிக்கடி போய் நின்ற இடம், புத்தக அலுமாரியில் இருபது வருடங்களாக இருக்கும் ஒரு டி.வி.டி. பெட்டி.

‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ என்ற பெயரில் வெளியான மூன்று படங்கள் அந்தப் பெட்டியில் உள்ளன. இவை கதைப்படங்கள் அல்ல. ஹொலிவூட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் பேசும்பட யுகத்தின் தொடக்கத்திலிருந்து 1950களின் இறுதிவரை தயாரித்த இசைப்படங்களிலிருந்து பாடல்களையும் ஆடல்களையும் பிரித்தெடுத்துக் கோத்த தொகுப்புப் படங்கள். முதலாவது 1974இலும், இரண்டாவது 1976இலும், மூன்றாவது 1994இலும் வந்தன. வானொலியில் ‘நெஞ்சில் நிறைந்தவை’ கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த வகை புதிதல்ல. ஆனால் முதற்படம் எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது என்பதை அறியாதவர்களுக்கு அது வெறும் பாட்டுத் தொகுப்பாகவே தெரியும்.

1969இல் கேர்க் கேர்கோரியன் என்ற செல்வந்தர் எம்.ஜி.எம்.மைக் கைப்பற்றினார். அவருக்குப் படங்களைக் காட்டிலும் காணியிலும் ஹோட்டலிலுமே நாட்டம். மறு வருடமே ஸ்டூடியோவின் உடைகளும் தளபாடங்களும் ஏலத்தில் போயின. ‘விசர்ட் ஒஃப் ஒஸ்’ படத்தில் ஜூடி கார்லன்ட் அணிந்த சிவப்புச் சப்பாத்துகள் 15,000 டொலருக்கு விலைபோனது அங்கேதான். இசைக்குழுவுக்கென எழுதப்பட்ட இசைத்தாள்கள் ஏலத்துக்குக்கூடத் தகுதி பெறவில்லை. அவை குப்பை நிரப்பும் நிலத்துக்குப் போயின. 1973 டிசம்பரில் லாஸ் வேகாசில் எம்.ஜி.எம். பெயரிலேயே பிரமாண்டமான ஹோட்டல் திறக்கப்பட்டது. கல்வர் சிற்றியில் இருந்த திறந்தவெளிப் படப்பிடிப்புத் தளங்கள், அதாவது பொய்த் தெருக்களும் பொய்ப் புகையிரத நிலையங்களும், இடித்து விற்கப்படுவதற்குக் காத்திருந்தன.

நம்மவர்கள் பரம்பரை வீட்டை விற்குமுன் முற்றத்தில் நின்று கடைசியாக ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொள்வார்களே, 1974 படம் அப்படிப்பட்டது. நிறுவனத்துக்கு ஐம்பது வயதாகிறது என்பது சாட்டு. எழுதித் தயாரித்து இயக்கியவர் ஜாக் ஹேலி ஜூனியர். ‘விசர்ட் ஒஃப் ஒஸ்’ படத்தில் தகர மனிதனாக நடித்த ஜாக் ஹேலியின் மகன் இவர். அந்தப் படத்தின் நாயகி ஜூடி கார்லன்டின் மகள் லைசா மினெல்லி, தாயைப் பற்றிப் பேசத் திரையில் வருகிறார். தகர மனிதனின் மகனும் டொரத்தியின் மகளும் அதே வருடத்தில் திருமணமும் செய்துகொண்டார்கள். (இதைக் கதையில் எழுதினால் நம்பும்படி இல்லை என்று உதவி ஆசிரியர்கள் வெட்டிவிடுவார்கள்.)

அந்தப் படத்தில் என்னை எப்போதும் நிறுத்திவிடும் காட்சி ஆடலும் அல்ல, பாடலும் அல்ல. பிரெட் அஸ்டெயர் ஒரு புகையிரத மேடையில் நடந்து வருகிறார். 1953இல் ‘த பான்ட் வகன்’ படத்துக்காக அவர் பாடி நடந்த அதே மேடை. இப்போது அது சிதைந்துபோய்க் கிடக்கிறது. அவரோ அதைக் கவனியாதவர்போல் நேர்த்தியாக உடையணிந்து புன்னகையோடு பேசிக்கொண்டு போகிறார். பார்ப்பவர்கள்தான் மேடையைப் பார்க்கிறார்கள்.

வாட்டர்கேற் விவகாரம் உச்சத்தில் இருந்த வேளை. அமெரிக்கர்களுக்கு எதையாவது மறந்து இரண்டு மணிநேரம் இருக்கவேண்டியிருந்தது. படம் ஓடியது, பணமும் வந்தது. குப்பைக்குப் போகவிருந்தவை சரக்கு என்று அன்று தெரிந்தது. 1976இன் இரண்டாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. இசைப்படமல்லாதவற்றையும் அள்ளிப்போட்டதால் மூன்றிலும் இளைத்தது அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ‘சீக்ஃபெல்ட் ஃபொலிஸ்’ படத்துக்குப் பிறகு, ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் கழித்து, அஸ்டெயரும் கெலியும் சேர்ந்து ஆடியது அதில்தான். அஸ்டெயருக்கு அப்போது 76 வயது, கெலிக்கு 63. அதற்காக அதை மன்னிக்கலாம்.

முதற்படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது. அறை நண்பர்கள் ஐந்து பேர் காசு சேர்த்து டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்தோம். கசெட்டுகள் நான்கு. மூன்று சண்டைப்படங்களோடு கடைக்காரர் தவறுதலாகக் கொடுத்துவிட்ட நான்காவது இது. இரவு இரண்டு மணிக்கு மற்றவர்கள் உறங்கிவிட, கொடுத்த காசு வீணாகக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் நான் மட்டும் பார்த்தேன். பிரதியின் பிரதி, சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. ‘செவன் பிரைட்ஸ் ஃபோர் செவன் பிரதர்ஸ்’ படத்தில் களஞ்சியம் கட்டும் இடத்தில் சகோதரர்கள் ஆடும் புகழ்பெற்ற ஆடல் வந்தது. ஏழு சகோதரர்கள் என்றார்கள். நான் எண்ணியபோது ஐவருக்குமேல் தேறவில்லை.

காரணம் பின்னர் விளங்கியது. அந்தப் படம் 1954இல் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. அகலத் திரைக்கென்று வரிசையாக நிறுத்தப்பட்டவர்களை அன்றைய தொலைக்காட்சியின் சதுரத்துக்குள் அடக்குவதற்காக இரு ஓரங்களையும் வெட்டித்தான் கசெட்டுகள் செய்தார்கள். இதற்கு நேர்மாறான கொடுமை 1974இல் தியேட்டர்களுக்காகவே நடந்தது. 1930களினதும் 40களினதும் படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. அவற்றில் சிலவற்றை 70 மில்லிமீற்றர் அகலத் திரை நிறையும்படி பெருப்பித்தபோது மேலேயும் கீழேயும் வெட்டவேண்டி வந்தது. ஆடுபவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை திரையில் தெரியவேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அஸ்டெயர். காலைக் காட்டாமல் ஆடலைக் காட்டுவது, கடைசிச் சீரை விட்டுவிட்டு வெண்பாவைப் படிப்பது மாதிரி.

2004இல் வார்னர் நிறுவனம் மூன்று படங்களையும் செப்பனிட்டு நான்கு தட்டுகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. எம்.ஜி.எம்.மின் பழைய படங்கள் 1986இல் டெட் டேர்னரிடமும், அவர் மூலமாகப் பத்து வருடங்களின் பின் டைம் வார்னரிடமும் போய்ச் சேர்ந்திருந்தன. அடுத்த வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி அந்தப் பெட்டியை எடுப்பித்தேன். அமெரிக்கத் தட்டு இங்கே ஓடுமா என்று அவர் கவலைப்பட்டார். கொழும்பில் விற்கப்படும் இயந்திரங்கள் எந்தத் தேசத்தின் எல்லைக்கோட்டையும் மதிப்பதில்லை என்று ஆறுதல் சொன்னேன். படத்தைப் போட்டதும் ஒரு பாட்டுக்குப் பக்கங்களிலும், மறு பாட்டுக்கு மேலும் கீழுமாகக் கறுப்புப் பட்டைகள் மாறிமாறி வந்தன. பெட்டி பழுதோ என்று மனைவி கேட்டார். எனக்கோ ஆடிய சகோதரர்கள் எல்லோரும் கிடைத்துவிட்ட சந்தோஷம். நான்காவது தட்டில், படங்களிலிருந்து வெட்டித் தள்ளப்பட்ட பாடல்கள் தனியாக இருந்தன. அதே தொகுதி பின்னர் புளூ-ரேயிலும் வந்தது. நான் வாங்கவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது மூன்றாம் பாகம் பற்றி.

1994இல் மூன்றாம் பாகத்தை இயக்கிய பட் ஃபிரீட்ஜனும் மைக்கல் ஷெரிடனும் படத்தொகுப்பு மேசையிலிருந்து வந்தவர்கள். நல்ல பாடல்கள் பெரும்பாலும் முதலிரு பாகங்களிலும் தீர்ந்துவிட்டன. ஆகவே அவர்கள் வெட்டப்பட்டவற்றைத் தேடிப் போனார்கள். ‘பெல் ஒஃப் நியூயோர்க்’ படத்தில் அஸ்டெயரின் ஓர் ஆடலை, உடை பொருந்தவில்லை என்பதற்காக வேறு உடையில் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் அருகருகே ஓடவிடுகிறார்கள். தொப்பி தூக்கும் கை ஒரே கணத்தில் இரு பக்கமும் எழுகிறது. ‘அனி கெட் யுவர் கன்’ படத்திலிருந்து நீக்கப்படுமுன் ஜூடி கார்லன்ட் நடித்துக் கொடுத்த காட்சி வருகிறது. களைத்த முகம், பார்ப்பதற்குக் கஷ்டமாக இருக்கும். ‘பான்ட் வகன்’ படத்துக்காக சிட் சரீஸ் ஆடி வெட்டப்பட்ட பாடலின் ஒலிப்பதிவை எறிய மனமில்லாமல், அதே வருடம் ஜோன் குரோஃபோர்டுக்குக் கறுப்புச் சாயம் பூசி வேறு படத்தில் வாயசைக்க வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது, யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

பிறகு லீனா ஹோர்ன் வருகிறார்.

முதற்படத்தில் தோன்றிப் பேசியவர்கள் பதினொரு பேர். அவர்களில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. இருபது வருடங்களின் பின் மூன்றாம் பாகத்தில் லீனா ஹோர்ன் வந்து நின்று, அந்தப் பொற்காலம் தனக்கு எப்படி இருந்தது என்பதைத் தணிந்த குரலில் சொல்கிறார். 1940களில் எம்.ஜி.எம். அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் பெரும்பாலான படங்களில் அவர் கதைக்குள் வரமாட்டார். ஒரு தூணருகே நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவார். அமெரிக்காவின் தென் மாநிலத் தியேட்டர்காரர்கள் அந்தப் பகுதியைக் கத்தரித்தாலும் கதை குலையக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். ‘கபின் இன் த ஸ்கை’ படத்தில் நுரை நிறைந்த குளியற்தொட்டியிலிருந்து அவர் பாடிய பாட்டு, கறுப்பினப் பெண்ணுக்கு அது மிகை என்று வெட்டப்பட்டது. ‘ஷோ போட்’ படத்தின் ஜூலி, கலப்பினத்தவள் என்பதை மறைத்து வாழும் பெண். 1946இல் வேறொரு படத்தில் அந்த ஜூலியாகவே தோன்றி அவளது பாட்டைப் பாடியிருந்தவர் லீனா. 1951இல் ‘ஷோ போட்’ முழுப்படமாக வந்தபோது வேடம் ஆவா கார்ட்னருக்குப் போயிற்று. ஆவா தன் சொந்தக் குரலிலும் பாடியிருந்தார். அதையும் விலக்கிவிட்டுப் படத்துக்கு இன்னொருவரின் குரலைச் சேர்த்தார்கள். மூன்றாம் பாகம் ஆவாவின் குரலை அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. லீனாவுக்குத் திருப்பிக் கொடுக்க ஜூலி இல்லை. இருந்தது வெட்டப்பட்ட குளியற்தொட்டிப் பாட்டு. அதைத்தான் காட்டுகிறார்கள்.

2005இல் அந்த இடத்தில் தட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது நினைவிருக்கிறது. ‘லீனா ஹோர்ன்’ என்ற பெயரை அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னர் நான் ஒரு கையெழுத்துப் பிரதியில் பார்த்திருந்தேன்.

1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்தது. 90 பேருக்குமேல் இறந்தார்கள். அலுவலகத்துக்கு வந்துசேர்வதற்கே மூன்று இடங்களில் அடையாள அட்டை காட்டவேண்டிய நாட்கள். இரண்டு நாட்களின் பின், பெப்ரவரி 2ஆம் திகதி, ஜீன் கெலி தமது 83ஆவது வயதில் காலமானார். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அந்த வாரத்தில் ஹொலிவூட் ஆடற்கலைஞர் ஒருவரின் மரணம் எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாஸ்டர் மட்டும் விடவில்லை. 1950களில் கொழும்புத் தியேட்டர்களில் கெலியின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஞாயிறு இதழுக்கென்று நான்கு தாள்களில் கையால் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் என் பொறுப்பு.

முதல் வருடந்தான் லண்டனிலிருந்து மகள் அவருக்கு மூன்றாம் பாகத்தின் வீடியோ கசெட்டை அனுப்பியிருந்தார். கெலி தோன்றிய கடைசித் திரைப்படம் அதுவே. “ஒருநாளைக்கு வீட்டை வாரும் தம்பி, போட்டுப் பாப்பம்” என்று என்னைப் பலமுறை கேட்டிருந்தார். நான் போகவில்லை. களவாக மூன்று சண்டைப்படம் பார்த்தவனுக்கு வேலை இருப்பதுபோல் ஒரு பாவனை.

அச்சிட்டு எடுத்த பந்திகளைக் கத்தரித்து ஒட்டிப் பக்கம் அமைத்த காலம் அது. சனிக்கிழமை மாலை, பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது ஒரு மரண அறிவித்தல் வந்தது. அந்த நாட்களில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன. பதினான்கு வரிகளுக்கு இடம் வேண்டும். செய்தி எழுதும் முறையைத் தலைகீழ்க் கூம்பு என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள்: முக்கியமானது மேலே, போகப்போக முக்கியம் குறையும், இடமில்லாவிட்டால் அடியிலிருந்து வெட்டு. மாஸ்டரின் கட்டுரையின் கடைசிப் பந்தி சரியாகப் பதினான்கு வரி இருந்தது. நான் அதை முழுமையாக வாசிக்கவில்லை. அது ‘ஆனால்’ என்று தொடங்கியதும், நிக்கலஸ் சகோதரர்களின் பெயரும் லீனா ஹோர்னின் பெயரும் அதில் இருந்ததும் மட்டுமே ஞாபகம். அந்தப் பெயரை லீனா என்பதா லெனா என்பதா என்று ஒரு கணம் யோசித்து, வெட்டிவிட்டால் அந்த யோசனை தேவையில்லை என்று தோன்றியதும் ஞாபகம். கத்தரித்த துண்டு மேசைக்குக் கீழே கூடைக்குள் விழுந்தது. கையெழுத்துத் தாள்களும் வழக்கம்போல் திங்கட்கிழமை போய்விட்டன.

மாஸ்டர் பத்திரிகையை நாலாக மடித்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, கடைசிப் பந்தி எங்கை?”

“இடம் காணாமல் போச்சுது மாஸ்டர். கடைசி நேரத்திலை ஒரு மரண அறிவித்தல்.”

“அது சரி. அதை வெட்டேலாதுதானே.” சற்று நேரம் நின்றார். “நான் அந்தப் பந்தியைத்தான் ஐசே முதலிலை எழுதினனான். மிச்சமெல்லாம் அதுக்குப் போற வழி.”

கோபிக்கவில்லை. தேநீர் குடிக்கப் போனார். அதன் பின்னரும் அரசியலும் நூல் விமர்சனங்களும் எழுதினார். சினிமா பற்றி எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வுபெற்று லண்டன் போய் 2003இல் காலமானார். நான்கு தட்டுப் பெட்டி அதற்கு மறு வருடம் வந்தது.

அந்தப் பந்தியில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். 1948இல் வெளியான ‘பைரேட்’ படத்தில் கெலி, கறுப்பினத்தவரான நிக்கலஸ் சகோதரர்களோடு தோளோடு தோள் நின்று ஆடினார். தென்னாட்டுச் சில நகரங்களில் அந்த ஆடலைக் கத்தரித்துவிட்டே படத்தைக் காட்டினார்கள். கெலியின் கடைசிப் படத்தில் லீனா ஹோர்ன் பேசுகிறார். இரண்டையும் சேர்த்து, கொழும்பில் அந்த வாரத்தில், அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தயாராக வைத்துக்கொண்டு எழுதிய ஒரு மனிதர் எங்கே போய் முடித்திருப்பார்? நூலுக்காக அந்தப் பந்தியை நானே எழுதிச் சேர்த்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அவரது நடை எனக்குப் பழக்கம். ஜோன் வில்சன் என்ற ஆங்கிலேய இசை நடத்துநர், குப்பைக்குப் போன எம்.ஜி.எம். இசைத்தாள்களைப் பல வருடங்கள் உழைத்து மீண்டும் எழுதி, 2009இல் லண்டன் புரொம்ஸ் விழாவில் வாசித்துக் காட்டினார். ஆனால் அவருக்குச் சுருக்கப் பிரதிகள் இருந்தன, படங்களின் ஒலி இருந்தது, காது இருந்தது. என்னிடம் இருப்பது ஓர் ‘ஆனால்’.

கட்டுரையின் நறுக்கை வெளியே எடுத்துப் பார்த்தேன். கெலி கடைசியாகத் தோன்றிய படம் அது என்று சொல்லும் வசனத்தோடு அது முடிகிறது, ஏதோ அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாதது போல.

நறுக்கை ஸ்கேன் செய்தேன். அதன் கீழே பதிப்பாளருக்கு ஒரு குறிப்புத் தட்டச்சினேன்: ‘இக்கட்டுரையின் இறுதிப் பந்தி, இடநெருக்கடி காரணமாக அச்சின்போது நீக்கப்பட்டது.’ முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகச் செயப்பாட்டு வினைக்குப் போகிறது. யார் சுட்டார், யார் கைதுசெய்தார், யார் நீக்கினார் என்று சொல்லமுடியாத காலங்களில் நாங்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளப் பழகியவர்கள். மூன்று வாரம் அந்த வசனம் கணினியில் அப்படியே கிடந்தது.

நேற்றிரவு அதை அழித்துவிட்டு, பந்தியை நீக்கியவர் அப்போது அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த உதவி ஆசிரியர் என்று எழுதி, என் பெயரையும் சேர்த்து, லண்டனுக்கு அனுப்பினேன். லீனா என்றே எழுதினேன். மாஸ்டர் அப்படித்தான் எழுதியிருந்தார்.